கொப்புளம் எந்தக் கையில்?

நாகல் நகர், திண்டுக்கல்
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் தமிழ்மதி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மாத்திரையில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பூ மார்க்கெட்டில் வெகுநேரம் உட்கார்ந்து கட்டினால் மட்டும் வீட்டுக்கு வந்து முனகுகிறாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அருணாச்சலப் பிரதேச மலையில் மழை விட்டதா? ஜேசிபி ஓட்டும்போது மேலிருந்து கல் உருளுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நீங்கள் டவர் இருக்கும் ஊருக்கு இறங்கி வந்து போன் பண்ணியும் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்றது மட்டும்தான் எனக்குக் கேட்டது. நான் கத்தியது உங்களுக்குக் கேட்டிருக்காது. என்ன கத்தினேன் தெரியுமா? எங்கள் கல்லூரி ஆடற்குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்!

குழுவை நடத்துகிறவர் வரலாறு எடுக்கும் பாஸ்கல் சார். அவருக்கு ஓர் ஆசை. ஒரே மேடை, ஒரே மாலை, நடுவில் இடைவெளியே இல்லாமல் ஓர் ஆட்டம் முடிகிற இடத்தில் அடுத்த ஆட்டம் பிறக்க வேண்டும். பரதம், ஒயிலாட்டம், தேவராட்டம், கரகம், பாங்ரா, ஹிப்ஹாப் எல்லாம் உண்டு. பிப்ரவரியில் திறந்தவெளி மேடையில் ஊருக்கே ஆடிக் காட்டப் போகிறோம்.

பரதத்துக்கு மணிமேகலை. சின்ன வயதிலிருந்து கற்றவள். அவள் அரைமண்டியில் இருக்கும்போது தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாலும் சிந்தாது. ஹிப்ஹாப்புக்கு பேகம்பூர் பாஸிலா. தோல் வியாபாரி பீர் முகமதுவின் மகள். தரையில் எப்படிச் சுழன்றாலும் அவள் தலைத்துணி நழுவுவதில்லை. அதில் எத்தனை பின் குத்தியிருக்கிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். தேவராட்டத்துக்குத் தொப்பம்பட்டிப் பக்கத்து விக்னேஷ்குமார். அவன் வீட்டில் நடக்கப் பழகும் முன்பே ஆடப் பழகிவிடுவார்களாம். நான் ஒயிலாட்ட வரிசையில் இருக்கிறேன். கையில் வீசும் துணிக்கு அம்மா தன் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். நல்ல சேலை அப்பா. கிழிக்கும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் மகள்
தமிழ்மதி


சாலைப்பணி முகாம், அருணாச்சலப் பிரதேசம்
9.8.2024

அன்பு மகள் தமிழ்மதிக்கு,

அப்பா எழுதுவது. சளி இருந்தது, விட்டுவிட்டது. அம்மாவிடம் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை ஜீப் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு எல்லோரிடமும் சொன்னேன். இங்கே ஒடிசாக்காரர் ஒருவர் என்னோடு வண்டியில் இருக்கிறார். "உன் மகள் ஆடுவது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். துண்டை எடுத்து வீசி, இரண்டு எட்டு வைத்துக் காட்டினேன். கால் சறுக்கி சேற்றில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

ஒயிலாட்டம் நல்ல ஆட்டம். நம் ஊரில் மேலத்தெருக்காரர்கள் திருவிழாவுக்கு ஆடுவார்கள். நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். நீ வரிசையின் ஓரத்தில் நிற்காதே தாயி. நடுவில் நின்று ஆடு.

படிப்பை விட்டுவிடாதே. கால் சுளுக்கினால் மறைக்காமல் அம்மாவிடம் சொல்.

அன்புடன்
அப்பா பொன்னழகு


நாகல் நகர்
15.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீங்கள் சேற்றில் உட்கார்ந்ததைப் படித்து அம்மா அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இப்போது இடுப்பு வலி ஏதும் இல்லையே?

நடுவில்தான் நிற்கிறேன்.

பாஸ்கல் சார் எங்கள் தலையில் ஒரு கல்லைப் போட்டார். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஆட்டத்தோடு தெரியாத ஓர் ஆட்டத்தையும் கற்க வேண்டுமாம். "தெரிஞ்சதையே ஆடிட்டுப் போறதுக்கு எதுக்குடா குழு?" என்கிறார். பாஸிலாவுக்குத் தேவராட்டம், விக்னேஷ்குமாருக்கு ஹிப்ஹாப். இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் சொல்லித் தருவதைப் பார்க்க டிக்கெட்டே போடலாம்.

"ஏனுங்க பாஸிலா, இப்படித் தலையத் தரையில வெச்சுச் சுத்துனா கழுத்து திரும்பி நேரா வருங்களா?"

"வரும். வரலேன்னா எங்க அத்தா குடோன்ல தோலோட தோலாக் காயப் போட்டுருவோம். நிமிந்துரும்."

மணிமேகலைக்குக் கரகம். குடத்தோடு அவள் நான்கு எட்டு வைப்பதற்குள் கூடம் முழுக்கத் தண்ணீர். டம்ளரைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அவள் அழவில்லை, துடைத்துவிட்டுத் திரும்பவும் தலையில் ஏற்றினாள்.

எனக்கும் ஒரு புது ஆட்டம் வந்திருக்கிறது. இன்னும் சரியாகப் படியவில்லை. படிந்த பிறகு எழுதுகிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். உள்ளங்கையில் கொப்புளம். தோசைக்கல் சுட்டுவிட்டது.

உங்கள் மகள்
தமிழ்மதி


முகாம்
12.10.2024

அன்பு மகள் தமிழ்மதிக்கு,

அப்பா நலம். இங்கே குளிர் இறங்கிவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் டீசல் டாங்கியின் அடியில் சூடு காட்ட வேண்டியிருக்கிறது. அம்மா தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொள்ளட்டும், கிழித்ததற்குப் பதிலாக.

தோசைக்கல் சுட்டால் விரல் நுனியில் சுடும். உள்ளங்கையில் எப்படிச் சுட்டது? கொப்புளம் எந்தக் கையில்? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலா?

புது ஆட்டத்தின் பெயரை எழுதவில்லையே.

அன்புடன்
அப்பா


நாகல் நகர்
17.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா? இங்கே நல்ல மழை. தேர்வு நடக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை. அம்மா பச்சைக் கலரில் சேலை எடுத்திருக்கிறாள். கரை கொஞ்சம் அகலம் என்று அவளுக்குக் குறை. பயிற்சி நன்றாகப் போகிறது. விக்னேஷ்குமாரின் கழுத்து நேராகத்தான் இருக்கிறது.

கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
தமிழ்மதி


முகாம்
5.12.2024

தமிழ்மதிக்கு,

அப்பா நலம்.

நான் கொப்புளத்தையும் ஆட்டத்தின் பெயரையும் கேட்டிருந்தேன். நீ சேலைக் கரையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

தப்பு அடிக்கிறாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

அப்பா


நாகல் நகர்
16.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆமாம்.

வலது கையில்தான் கொப்புளம். நீங்கள் கேட்ட அதே இடத்தில். இப்போது காய்த்துவிட்டது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். சார் அன்று கரும்பலகையில் ஆட்டங்களின் பெயரை எழுதி, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டார். கடைசியாக "பறையாட்டம்" என்று எழுதினார். எல்லாப் பெயருக்கும் கை உயர்ந்தது, அதற்கு மட்டும் உயரவில்லை. மணிமேகலைதான் எழுந்து சொன்னாள். "சார், அது சாவு வீட்டுல அடிக்கிறதுல்ல? எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்னையக் குழுவுக்கே அனுப்ப மாட்டாங்க சார்." அவள் இளக்காரமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போல சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விக்னேஷ்குமார் தரையைப் பார்த்தான்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை அப்பா. ஏன் பார்க்க வேண்டும்? நான் நாகல் நகர் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். குஜிலியம்பாறைப் பக்கம் நமக்கு ஓர் ஊர் இருக்கிறதா என்றும், அதில் எந்தத் தெரு என்றும் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்று பேசாமல் உட்கார்ந்திருந்தால் வேறு யாருக்காவது போயிருக்கும், அல்லது சார் அதை அழித்திருப்பார். என் கை என்னை அறியாமல் உயர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்துத்தான் தூக்கினேன்.

பேச்சாயி அக்கா என்று ஒருவர் பெண்களை மட்டும் வைத்து ஒரு குழு நடத்துகிறார். அவர் சனிக்கிழமைகளில் வந்து சொல்லித் தருகிறார். முதல் நாள் நான் ஓங்கி ஓர் அடி அடித்ததும் பாஸிலாவின் தண்ணீர் பாட்டில் மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டிவியில் அந்தச் சத்தம் வந்தால் நீங்கள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போவீர்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
தமிழ்மதி


முகாம்
28.12.2024

தமிழ்மதிக்கு,

அப்பா நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டதால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

எனக்கு ராமர் என்று ஓர் அண்ணன். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் நானும் அவனும்தான் தப்படிக்கப் போவோம். போக மாட்டேன் என்று சொல்லக்கூடாது. வெயிலோ மழையோ, பிணம் எடுக்கும் வரை தெருமுனையில் நின்று அடிக்க வேண்டும். கூலி என்று எதுவும் கேட்கக்கூடாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சித்திரை மாதம் அண்ணன் காய்ச்சலில் இறந்தான். அதே காலையில் மேலத்தெருப் பெரிய வீட்டிலும் ஒரு சாவு. எங்கள் வாசலுக்கு ஆள் வந்தான்.

"ஏலே பொன்னழகு, அங்க ஊரே காத்துக் கெடக்கு. எடுத்துக்கிட்டு வாடா."

"எங்கண்ணன் கெடக்கான்யா."

"அவன் எங்க போகப் போறான்? சாயங்காலம் வந்து பாத்துக்க."

போனேன். போகாமல் அந்த ஊரில் இருக்க முடியாது. உச்சி வெயில் தாண்டும் வரை அடித்தேன். திரும்பி வந்தபோது, வெயிலில் வைத்திருக்க முடியாது என்று அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டிருந்தார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்தவன், அவனுக்காகத் தப்பில் ஓர் அடிகூட விழவில்லை. அடிக்க இருந்தவன் நான் ஒருவன்தான்.

அன்றோடு விட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தேன். அந்தச் சத்தம் என் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்றுதான் கல்லும் மண்ணும் சுமந்தேன். இப்போது அதை நீ தோளில் மாட்டியிருக்கிறாய். உங்கள் சார் தப்பைப் பறை என்று பெயர் மாற்றி எழுதினால் அது வேறு ஆகிவிடாது.

ஒயிலாட்டம் ஆடு. எது வேண்டுமானாலும் ஆடு. அதைக் கீழே வை.

அப்பா


நாகல் நகர்
19.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சிவனம்மாள் எழுதுவது. நான் சுகம், பிள்ளையும் சுகம். நீங்கள் நல்லபடியாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பேனா பிடித்து ரொம்ப நாளாகிவிட்டது.

தமிழ்மதி உங்கள் கடிதத்தைப் படித்தாள். மறுநாளே போய்த் தப்பைக் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன காரணம் என்று அங்கே கேட்டதற்கு அவள் எதையும் மறைக்கவில்லை போலிருக்கிறது. நம்ம ராமர் மாமா கதை வரை சொல்லியிருக்கிறாள். வீட்டில் முகம் சுளிப்பதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன வைத்தாலும் ஒன்றுதான்.

பார்க்கப் பொறுக்காமல், பூக்கட்டு முடிந்ததும் ஒரு நாள் கல்லூரிக்கே போனேன். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பரதம் ஆடி முடித்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். செத்த நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒயிலாட்டம் தொடங்கியது. ஏன் இப்படி என்று அந்த சாரிடம் கேட்டேன். "தமிழ்மதி அடிக்கிற இடம்மா அது. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. அதான் அந்த இடத்தை அப்படியே விட்டு வச்சிருக்கோம்" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை பாஸிலாவும் மணிமேகலையும் வீட்டுக்கு வந்தார்கள். அந்த மணிமேகலை வாசலிலேயே நின்றுகொண்டு, "தமிழு யாருன்னு தெரியாமச் சொல்லிட்டேன் அத்தை" என்றாள். "தெரிஞ்சிருந்தா சொல்லிருக்க மாட்டே. ஆனா நெனச்சிருப்பேல்ல?" என்று கேட்டேன். பிள்ளை அழுதாள். இல்லை என்று பொய் சொல்லாமல் இருந்தது எனக்குப் பிடித்தது. உள்ளே கூப்பிட்டு இலை போட்டேன். கருவாட்டுக் குழம்பு, அவள் அதைத் தொடுவதில்லையாம். ரசம் ஊற்றி ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுத்தான் போனாள்.

அவர்கள் போன பிறகு தமிழ்மதியிடம் சொன்னேன், நாளைக்குப் போய்த் தப்பை எடுத்துக்க என்று. உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். ராமர் மாமா செத்த அன்றைக்கு நானும் அந்த வாசலில்தான் நின்றேன். உங்களை இழுத்துக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். உங்களை அடிக்க வச்சாங்க மாமா. இவளை ஒருத்தரும் கூப்பிடல. இவளாப் போய் எடுத்தா. அது ரெண்டும் ஒண்ணா?

வேண்டாம் என்றால் நீங்களே நேரில் வந்து அவள் கையிலிருந்து வாங்கி வையுங்கள். கடிதத்தில் வேண்டாம்.

கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுங்கள்.

இப்படிக்கு
சிவனம்மாள்


நாகல் நகர்
5.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா நலம், நான் நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. அம்மாவின் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போனும் வரவில்லை. கோபமா, பனியா, இரண்டுமா என்று புரியாமல் எழுதுகிறேன்.

நிகழ்ச்சி சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது.

எல்லோரும் சாயம் பூசி, சலங்கை கட்டித் தயாராக இருந்தோம். அப்போது பார்த்து ஒரு தூறல். தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் பெஞ்சில் வைத்திருந்த என் தப்பு நனைந்துவிட்டது. தூறல் சீக்கிரமே நின்றது. கூட்டமும் கலையவில்லை, நாற்காலிகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் தப்பில் தட்டினால் நனைந்த அட்டையைத் தட்டுவது போல இருந்தது. தோல் தொய்ந்துபோய்விட்டது. பேச்சாயி அக்கா பார்த்துவிட்டு, "தீக் காட்டணும்டி. இல்லேன்னா தூக்காத" என்றார்.

சுற்றிலும் எல்லாம் ஈரம். பாஸிலா ஓடிப்போய் டீக்கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளை வாங்கி வந்தாள். விக்னேஷ்குமார் எங்கேயோ போய் ஒரு கை வைக்கோல் கொண்டுவந்தான். "எங்கீங்க கெடச்சுது?" என்று பாஸிலா அவன் மாதிரியே கேட்டாள். "ஒரு மாட்டுக்கிட்ட கேட்டு வாங்குனேனுங்க" என்றான். அக்கா தீ மூட்டினார். தப்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்ட ஒருவர் வேண்டும். நான் கிட்டப் போவதற்குள் மணிமேகலை உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையல். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தப்பைத் தீக்கு மேலே பிடித்தாள்.

பாஸ்கல் சார் பதறிப்போனார். "ஏம்மா பட்டு! பட்டுல பத்திக்கிரும்மா!"

"நான் பாத்துக்கிறேன் சார். நீங்க அட்டையப் போடுங்க."

ஒயிலாட்டப் பிள்ளைகள், கரகத்துப் பிள்ளைகள், தலைப்பாகை கட்டிய பாங்ராப் பையன்கள் எல்லோரும் அந்தத் தீயைச் சுற்றி நின்றோம். காற்று அடித்தபோது கையில் இருந்த துணிகளை விரித்து மறைத்தோம். மணிமேகலைக்குக் கண்ணில் புகை போய்த் தீட்டிய மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்த்தாள். திடீரென்று கணீர் என்றது.  அவள் எழுந்து என் தோளில் மாட்டிவிட்டு, "போ" என்றாள்.

வழிந்த மையைக்கூடத் துடைக்காமல்தான் அவள் முதல் ஆளாக மேடை ஏறினாள். அவள் ஜதியின் கடைசித் தட்டு விழுந்த இடத்தில் என் அடி விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? நான் அடித்துக்கொண்டே ஆடினேன். குதித்துத் திரும்பும்போது விளக்கு வெளிச்சத்தில் எல்லா முகமும் தெரிந்தது. ஒயிலாட்டம் என் அடியிலிருந்து கிளம்பியது, கரகம் அதிலிருந்து. மணிமேகலை குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்விட்டாள். பாஸிலா தேவராட்டம் ஆடியபோது அவள் அத்தா எழுந்து நின்று விசில் அடித்தார். அவள் மேடையிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் விக்னேஷ்குமார் தலைகீழாகச் சுழன்று நேராக எழுந்து நின்றான்.

மணிமேகலையின் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். நான் அடித்தபோது கை தட்டினார்களா என்று தெரியாது. எழுந்து போகவில்லை.

முடிந்ததும் ஒவ்வொருவரும் மைக்கில் பேரும் ஊரும் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. பேரைச் சொன்னேன். பொன்னழகு, சிவனம்மாள் மகள் என்றேன். குஜிலியம்பாறைப் பக்கத்து நம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். தெருவையும் சொன்னேன். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். பச்சைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பாஸிலா வீடியோவை யூடியூபில் போட்டிருக்கிறாள். பழனியில் ஒரு கல்லூரியில் திரும்ப ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சித்திரையில்.

நீங்கள் கீழே வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். பிறகு எடுத்தேன். பெரியப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது என்னோடேயே இருக்கிறது. அன்று முதல் அடி அவருக்குத்தான். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகள்
தமிழ்மதி


முகாம்
2.3.2025

அன்பு மகள் தமிழ்மதிக்கு,

அப்பா நலமாக இருக்கிறேன். பயப்பட வேண்டாம். பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. போன வாரம்தான் நாங்களே வெட்டித் திறந்தோம். அம்மாவின் கடிதமும் உன் கடிதமும் ஒரே ஜீப்பில் வந்தன. பாதை திறந்திருந்தால் உடனே பதில் எழுதியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

இரண்டையும் படித்துவிட்டு வண்டியில் ஏறினேன். அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒடிசாக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் அவரே டவர் இருக்கும் ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் பட்டன் போனில் வராது, பாஸிலா போட்ட வீடியோவை அவருடைய போனில்தான் பார்த்தேன். டீக்கடையில், நாலைந்து பேர் சுற்றி நின்றோம். அவர் போன் ஒரு தடவை கல்லில் விழுந்ததிலிருந்து அதில் படம் தெரியும், சத்தம் வராது. வேறு போனில் பார்க்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

சத்தம் இல்லாமலேதான் பார்த்தேன் தாயி. உன் தோள் அசைவதை வைத்தே எந்த அடி விழுகிறது என்று தெரிந்தது. நீ திரும்பும்போது உன் பெரியப்பா திரும்புவது போல இருந்தது. அவனை நீ பார்த்ததே இல்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். நாங்கள் அடித்த காலத்தில் எங்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. சத்தம் வந்தால் போதும் அவர்களுக்கு. வீடியோ எடுத்த பிள்ளை ஒரு தடவை கூட்டத்தின் பக்கம் காட்டியது. அத்தனை பேரும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடைக்கார அம்மா, அது யார் என்று கேட்டார். என் மகள் என்றேன். கையில் இருப்பது என்ன என்று கேட்டார். தப்பு என்று சொன்னேன். "உனக்கும் இது அடிக்கத் தெரியுமா?" என்று ஒடிசாக்காரர் கேட்டார். இத்தனை வருடமாக அவரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறேன், சொன்னதில்லை. தெரியும் என்றேன். நன்றாகவே தெரியும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அம்மா கேட்டது சரி. இரண்டும் ஒன்று இல்லை. அதை என்னால் இந்த மலையில் உட்கார்ந்து எழுத்தில் ஒத்துக்கொள்ள முடிகிறது. நேரில் வந்தால் வாய் வருமோ என்னவோ. அவளிடம் நீயே சொல்லிவிடு.

சித்திரையில் விடுப்புக் கேட்டிருக்கிறேன், தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போக நேரம் இல்லாவிட்டால் ரயிலை விட்டு இறங்கி நேராகப் பழனிக்கே வந்துவிடுவேன். சத்தத்தை அங்கே வந்து கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சாரிடம் சொல்லி எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல். அடிக்கிற இடத்தில் நான் நின்றுதான் பழக்கம். இது வரைக்கும் உட்கார்ந்ததே இல்லை.

அம்மாவுக்கும், அந்த மணிமேகலைப் பிள்ளைக்கும் என் அன்பு.

உன் அப்பா
பொன்னழகு